ஒற்றைக் கலைஞருக்கான கால் தாளக் கருவிகள்: பெட்டி செய்வதிலிருந்து மேடையில் வாசிப்பது வரை

தனியாகக் கிதார் வாசித்துப் பாடுகிறவருக்கு இரண்டு கைகளும் குரலும் முழு வேலையில் இருக்கின்றன. தாளத்துக்கென்று மிச்சமிருப்பவை கால்கள் மட்டுமே. அந்தக் கால்களுக்கு ஒரு சிறிய கருவியைக் கொடுத்துவிட்டால், தாளக் கலைஞர் இல்லாத மேடையிலும் பாட்டுக்கு அடித்தளம் கிடைத்துவிடும். இருபது நிமிடம் கேட்டதும் கிதாரும் குரலும் மட்டும் உள்ள கச்சேரியில் சபைக்கு ஏற்படும் சோர்வும் பெரிதும் குறையும். இந்த வழிகாட்டி அத்தகைய கருவியை வீட்டிலேயே செய்வது, ஒலிபெருக்கியோடு சரியாக இணைப்பது, அதைக் காலால் வாசிக்கப் பழகுவது ஆகிய மூன்றையும் விளக்குகிறது. ஒன்றை மட்டும் முதலிலேயே அழுத்திச் சொல்லிவிடுகிறேன்: ஒரே காலில், ஒரே ஒலியில், பிசகாமல் தாளம் பிடிக்கக் கற்றுக்கொண்ட பிறகே இரண்டாவது ஒலியைச் சேர்க்கவேண்டும். கால் தாளத்தைத் தொடங்கிப் பாதியில் கைவிடுகிறவர்கள் பெரும்பாலும் இந்த வரிசையை மாற்றிப் போட்டவர்கள்தான்.

இந்தக் கலை எங்கெல்லாம் இருந்து வந்திருக்கிறது

காலால் தாளம் போட்டுக்கொண்டே வாசிப்பது பல இடங்களில் தனித்தனியாக வளர்ந்த மரபு. கனடாவின் கியூபெக் மாநிலத்தில் பிடில் வாசிப்பவர்கள் நாற்காலியில் அமர்ந்தபடியே, இரு கால்களின் குதிகாலாலும் முன்பாதத்தாலும் பலகையில் மாறிமாறித் தட்டி, நடன இசைக்கு வேண்டிய ஓட்டத்தைத் தாங்களே தந்துகொள்கிறார்கள். வங்காளத்து பாவுல் பாடகர்கள் ஒரு கையில் ஏக்தாரா என்ற ஒற்றைத் தந்திக் கருவியும் இடுப்பில் டுக்கி என்ற சிறு முரசும் காலில் சலங்கையும் கட்டிக்கொண்டு, ஒரே ஆளாக ஒரு முழுக் குழுவின் வேலையைச் செய்கிறார்கள். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் 1948 இல் ஜான் லீ ஹூக்கர் தன் மின்கிதாரோடு செய்த ஒலிப்பதிவுகளில் அவரது காலடி ஓசைதான் ஒரே தாளக் கருவி. அது தெளிவாகப் பதிவாகவேண்டும் என்பதற்காகவே காலுக்கடியில் பலகை வைத்து ஒலிவாங்கி வைத்தார்கள். கலிபோர்னியாவின் ஓக்லண்டில் வாழ்ந்த ஜெஸ்ஸி ஃபுல்லர் இன்னும் ஒரு படி மேலே போனார். பன்னிரண்டு தந்திக் கிதாரும் கழுத்தில் மாட்டிய ஹார்மோனிகாவுமாகப் பாடியபடி, வலது காலால் தானே வடிவமைத்த ஆறு தந்தி பாஸ் கருவி ஒன்றையும் இடது காலால் ஹை-ஹேட் என்ற ஜோடித் தட்டுச் சிம்பலையும் இயக்கினார்.

நம் கர்நாடக இசை மேடையிலும் வயலின், வீணை கலைஞர்களுக்குக் கைகள் ஓய்வாக இல்லாததால், தாளத்தைப் பாதத்தின் மெல்லிய அசைவில் வைத்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. எனவே தமிழ் இசைப் பயிற்சி உள்ளவர்களுக்குக் கால் தாளம் முற்றிலும் அயலான ஒன்றல்ல. இதுவரை ஓசையில்லாமல் நடந்த வேலைக்கு இப்போது ஓசை கொடுக்கப்போகிறோம், அவ்வளவுதான்.

முதல் ஒலி தாழ்ந்த ஒலியாகவே இருக்கட்டும்

கடைகளில் பாதத்தில் மாட்டிக்கொள்ளும் டாம்பரின், ஷேக்கர் வகைகள் மலிவாகக் கிடைப்பதால் பலர் அவற்றில் தொடங்குகிறார்கள். நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. வழக்கமான சுருதியில் கிதாரின் மிகத் தாழ்ந்த தந்தி ஏறக்குறைய 82 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. கிதாரின் மற்ற ஒலிகளும் பாடும் குரலும் பெரும்பாலும் அதற்கு மேலேதான் இருக்கின்றன. ஆகவே 60 முதல் 100 ஹெர்ட்ஸ் வரையிலான அடிப்பகுதி தனிக் கலைஞரின் கச்சேரியில் ஏறக்குறைய காலியாகவே கிடக்கிறது. அங்கே விழும் ஒரு தட்டொலி யாரையும் மறைக்காமல் எல்லாவற்றையும் தாங்கும். டாம்பரினின் உலோகச் சில்லுகளோ ‘ச’, ‘ஸ’ போன்ற உரசொலிகள் வாழும் உயர்ந்த பகுதியில் ஒலிப்பவை. அளவு சற்று மீறினாலும் பாடல் வரிகளின் தெளிவைத் தின்றுவிடும்.

இந்தத் தாழ்ந்த ஒலியைத் தருவதற்கு மிக எளிய கருவி ‘ஸ்டாம்ப் பாக்ஸ்’ என்று வழங்கப்படும் மரப்பெட்டி. உள்ளே அதிர்வை மின்சாரமாக மாற்றும் ஒரு பீசோ தகடு, வெளியே கேபிள் சொருகும் ஒரு ஜாக். இதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை.

பெட்டி செய்யும் முறை

முதலில் அளவு. நீளம் 30 செ.மீ., அகலம் 20 செ.மீ. போதும். உயரம் பின்புறம் 4 செ.மீ. என்றும், விரல்கள் இருக்கும் முன்புறம் 6 செ.மீ. என்றும் சாய்வாக வைத்தால் கணுக்காலுக்கு நல்லது. இந்த அளவுக்கு அது மிக மெல்லிய சாய்வாகத்தான் இருக்கும். மேல்பலகைக்கு 12 மி.மீ. பிளைவுட், பக்கங்களுக்கு 18 மி.மீ. பிளைவுட் அல்லது ரப்பர் மரம், அடிப்பலகைக்கு 6 மி.மீ. பிளைவுட் எடுத்துக்கொள்ளுங்கள். தேக்கு கிடைத்தால் அழகாக இருக்கும். ஆனால் பீசோ வைத்த பெட்டியில் மரத்தின் தரம் ஒலியில் பெரிய வேறுபாட்டைத் தருவதில்லை என்பதால், அதற்காகச் செலவு செய்யவேண்டிய கட்டாயம் இல்லை.

பக்கப் பலகைகளைச் சாய்வுக்கு ஏற்ப அறுத்து, ஃபெவிகால் தடவித் திருகாணி போட்டு இணைத்து ஒரு சட்டம் ஆக்குங்கள். மேல்பலகையை அதன்மேல் பசையிட்டு ஒட்டி, ஓர் இரவு முழுவதும் பாரம் வைத்து உலரவிடுங்கள். இணைப்பில் எங்காவது இடைவெளி இருந்தால் ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு சிறு கிறீச்சொலி கூடவே வரும். பீசோ அதையும் விடாமல் பிடித்துப் பெரிதாக்கிக் காட்டும். ஆகவே இந்த ஓர் இடத்தில் மட்டும் பொறுமை மிகத் தேவை. அடிப்பலகையை ஒட்டவேண்டாம், திருகாணிகளால் மட்டும் பொருத்துங்கள். கம்பி அறுந்தால் திறந்து பார்க்க அதுவே வழி. விளிம்புகளை உப்புத்தாளால் தேய்த்து மழுக்கிவிடுங்கள்.

அடுத்தது பீசோ தகடு. பித்தளை வட்டத்தின்மேல் வெள்ளைப் பீங்கான் பூச்சு உள்ள 27 மி.மீ. அல்லது 35 மி.மீ. தகடுகள், சென்னை ரிச்சி தெரு போன்ற மின்னணுப் பொருள் கடைத்தெருக்களில் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும். கம்பி ஏற்கெனவே பற்றவைத்த தகடாகக் கேட்டு வாங்குவது நல்லது. நீங்களே பற்றவைப்பதானால், வெள்ளைப் பூச்சின்மேல் சால்டரிங் அயர்னை இரண்டு விநாடிக்கு மேல் வைக்காதீர்கள். சூடு அதிகமானால் பீங்கான் தன் மின்தன்மையை இழந்துவிடும். கருப்புக் கம்பி பித்தளையிலும் சிவப்புக் கம்பி வெள்ளைப் பூச்சிலும் இருக்கவேண்டும். ஜாக்கின் நடுமுனைக்குச் சிவப்பு, வெளி உறைக்குக் கருப்பு என்று இணைத்து முடியுங்கள்.

தகட்டை எங்கே, எப்படி ஒட்டுவது என்பதில்தான் ஒலியின் குணம் அடங்கியிருக்கிறது. மேல்பலகையின் அடிப்பக்கத்தில், முன்பாதம் விழும் இடத்துக்கு நேர்கீழே, பித்தளைப் பக்கம் மரத்தில் படும்படி வையுங்கள். ஃபெவிக்விக் போன்ற பசையால் நேரடியாக ஒட்டினால் தட்டின் தொடக்கம் கூர்மையாக, மரத்தில் நகம் பட்டாற்போல் கேட்கும். இடையில் ஃபோம் உள்ள இருபக்க டேப்பால் ஒட்டினால் அந்தக் கூர்மை மங்கி, ‘தும்’ என்ற பகுதி மேலோங்கும். பெரும்பாலான பாட்டுக்காரர்களுக்கு இரண்டாவதே பொருந்தும் என்பது என் கருத்து. ஒட்டிய பிறகு தகட்டின் பின்பக்கத்தில் ஒரு செ.மீ. தடிமனுள்ள ஃபோம் துண்டை மென்மையாக அழுத்தி வைத்தால், பெட்டிக்குள் சுழலும் வெற்றொலி அடங்கும்.

ஜாக் துளையைப் பெட்டியின் முன்புறத்திலோ கால் போகாத பக்கத்திலோ இடுங்கள். கேபிள் பின்புறமாக வெளியே வந்தால் நாற்காலிக் கால் அதன்மேல் ஏறும். பெட்டியின் அடியில் ரப்பர் விரிப்பை முழுப் பரப்புக்கும் ஒட்டிவிடுங்கள். அது பெட்டி நழுவாமல் தடுப்பதோடு, மேடைப் பலகையில் ஓடும் அதிர்வு பீசோவுக்குள் ஏறாமலும் காக்கும். மின் இரைச்சல் கேட்டால், பெட்டியின் உட்புறத்தில் அலுமினியத் தாள் ஒட்டி அதைக் கருப்புக் கம்பியோடு இணைத்துவிடுங்கள். அந்தத் தாள் பீசோவின் வெள்ளைப் பக்கத்தையோ ஜாக்கின் நடுமுனையையோ தொடக்கூடாது.

ஒலிபெருக்கியோடு இணைப்பது

இந்த இடத்தில்தான் மிகுதியான பெட்டிகள் ‘ஒலி சரியில்லை’ என்று மூலையில் போடப்படுகின்றன. பழுது பெட்டியில் இருப்பதே இல்லை. பீசோ தகடு மின்னியல் கணக்கில் ஒரு சிறிய மின்தேக்கி, 27 மி.மீ. தகட்டுக்கு அதன் அளவு ஏறக்குறைய 20 நானோஃபாரட். அதை மிக்ஸரின் சாதாரண லைன் உள்ளீட்டில், அதாவது 10,000 ஓம் அளவுள்ள உள்ளீட்டில் சொருகினால், இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 800 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள ஒலியையெல்லாம் படிப்படியாக வெட்டிவிடும். நமக்கு வேண்டிய ஒலியோ 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கிறது. விளைவாகக் கேட்பது வெறும் ‘டக் டக்’. அதே தகட்டைப் பத்து லட்சம் ஓம், அதாவது ஒரு மெகா ஓம் உள்ளீட்டில் சொருகினால், வெட்டு விழும் எல்லை 8 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடுகிறது; பெட்டியின் முழு அடிநாதமும் உள்ளே வருகிறது.

ஆகவே செய்யவேண்டியது ஒன்றே. கிதார் ஆம்ப்ளிஃபயரின் உள்ளீடு, ஆடியோ இன்டர்ஃபேஸில் ‘இன்ஸ்ட்ருமென்ட்’ என்று குறித்த உள்ளீடு, அல்லது மிக்ஸருக்கு முன்னால் ஓர் ஆக்டிவ் டி.ஐ. பாக்ஸ் (கருவியின் ஒலியை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றித் தரும், மின்சக்தியில் இயங்கும் சிறு பெட்டி) ஆகியவற்றுள் ஒன்றைப் பயன்படுத்துங்கள். மின்கலமோ, மிக்ஸரிலிருந்து கேபிள் வழியே வரும் ஃபாண்டம் பவரோ இல்லாத பாஸிவ் டி.ஐ. பாக்ஸ்கள் பீசோவுக்குப் போதுமான உயர் உள்ளீட்டைத் தருவதில்லை என்பதால், வாங்கும்போது கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மிக்ஸரில் கால் தாளத்துக்கென்று தனிச் சேனல் வையுங்கள். அந்தச் சேனலில் ‘லோ கட்’ பொத்தான் அழுத்தியிருக்கக்கூடாது. குரலுக்காக அதை எப்போதும் அழுத்தியே வைத்திருக்கும் வழக்கம் பல ஒலியமைப்பாளர்களுக்கு உண்டு. அது 80 அல்லது 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாவற்றையும் எடுத்துவிடும். பிறகு மேல்சுருதிக் குமிழை (ட்ரெபிள்) முழுவதும் குறையுங்கள். 300 முதல் 500 ஹெர்ட்ஸ் வரை சற்றே குறைத்தால் அட்டைப்பெட்டி வாடை போகும். 60 முதல் 100 ஹெர்ட்ஸ் பகுதியைத் தேவைக்கேற்ப ஏற்றுங்கள். எதிரொலி விளைவு இந்தச் சேனலுக்கு வேண்டாம். தாழ்ந்த ஒலியில் எதிரொலி சேர்ந்தால் தாளத்தின் விளிம்பு கரைந்துவிடும். ஒலியளவை எப்போதும் பூஜ்யத்திலிருந்து தொடங்கி மெல்ல ஏற்றவேண்டும். பலமாக மிதிக்கும்போது பீசோ எழுப்பும் மின்னழுத்தம் எதிர்பார்ப்பதைவிட மிக அதிகம் என்பதால், ஒலியளவைத் திறந்துவைத்துவிட்டு மிதித்துப் பார்ப்பது ஸ்பீக்கருக்கு ஆபத்து. எட்டு அங்குல ஸ்பீக்கர் உள்ள சிறிய கிதார் ஆம்ப்ளிஃபயரில் இந்த அடிநாதம் முழுமையாக வராது; பத்து அல்லது பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் உள்ள அமைப்பு தேவை.

மின்சாரம் இல்லாத இடத்தில்

வீட்டுக் கூடம், சிறிய புத்தகக் கடை, தெருவோரம் போன்ற இடங்களில் வாசிப்பவருக்குப் பீசோ தேவையில்லை. அதே பெட்டியின் மேல்பலகையை 6 மி.மீ. ஆக்கி, பக்கவாட்டில் 5 செ.மீ. விட்டத்தில் ஒரு துளை இட்டு, கெட்டித் தோல் அடிப்பாகம் உள்ள செருப்போடு தட்டினால் ஒரு சிறிய கூடத்துக்குப் போதுமான ஒலி கிடைக்கும். கீழே மரத்தரை இருந்தால் ஒலி பெருகும். கம்பளம் விரித்திருந்தால் அடங்கிவிடும்.

இதைவிடப் பெரிய ஒலி வேண்டுமென்றால் டிரம் பெடலுக்குப் போகவேண்டும். சிகாகோவின் வில்லியம் லுட்விக் 1909 இல் உருவாக்கிய கால் பெடலின் கொள்கைதான் இன்றும் மாறாமல் இருக்கிறது: மிதிக்கும் தகடு, அதோடு இணைந்து சுழலும் அச்சு, மெத்தென்ற தலையுள்ள சுத்தியல், அதைத் திரும்ப இழுக்கும் ஸ்பிரிங். இந்தப் பெடலைப் பழைய கெட்டி அட்டைச் சூட்கேஸ் ஒன்றின் முன் நிறுத்தி அடித்தால், அகன்ற, குறுகிய ஆயுளுள்ள ஒரு ‘பும்’ கிடைக்கும். உள்ளே ஒரு பழைய துண்டை மடித்து வைத்து அதிர்வைக் கட்டுப்படுத்தலாம். பெடலின் பிடி டிரம்மின் விளிம்பைக் கவ்வுவதற்காகச் செய்யப்பட்டது. சூட்கேஸில் அத்தகைய விளிம்பு இல்லை. எனவே ஒரு தடித்த பலகையில் சூட்கேஸை வார் போட்டுக் கட்டி, அதே பலகையின் முன்பகுதியில் ஒரு மரச்சட்டத்தைத் திருகி, பெடலை அதில் கவ்வவைக்கவேண்டும். இல்லாவிட்டால் இரண்டு பாட்டுக்குள் சூட்கேஸ் ஒரு பக்கமும் பெடல் ஒரு பக்கமுமாக நகர்ந்துபோகும்.

இரண்டாவது ஒலி: சலங்கை, டாம்பரின்

பரத நாட்டியத்துக்கான சலங்கையில் ஒரு காலுக்கு ஐம்பது, நூறு மணிகள் வரை இருக்கும். தாளத்துக்காக மட்டும் கட்டும் பாடகருக்குப் பத்துப் பதினைந்து மணிகள் போதும். அதற்கு மேல் போனால் ஒவ்வொரு தட்டுக்குப் பின்னும் ஒலி இழுத்துக்கொண்டே போய் அடுத்த தட்டின் தொடக்கத்தை மங்கச்செய்யும். கணுக்காலில் கட்டும்போது சலங்கை காலின் ஏற்றம், இறக்கம் இரண்டிலும் ஒலிக்கும் என்பதை நினைவில் கொள்ளவேண்டும். பாதம் உயரும்போது வரும் அந்தத் தேவையற்ற ஒலியைத் தவிர்க்க, மணிகளைக் காலில் கட்டாமல், கீல் போட்ட ஒரு சிறு பலகையின் நுனியில் தைத்த தோல்பட்டையாகப் பொருத்திவிடலாம். பலகையை அழுத்தும்போது கீழே உள்ள ரப்பர் கட்டையில் மோதி மணிகள் ஒரே தட்டாக ஒலிக்கும். திரும்பும்போது மென்மையான ஸ்பிரிங் அல்லது ஃபோம் அதை ஓசையில்லாமல் தூக்கும். டாம்பரினின் அரைவட்டத்தையும் இதே முறையில் பொருத்தலாம்.

இதை இடது காலுக்குக் கொடுத்து, வலது காலின் தாழ்ந்த ஒலிக்கு எதிரே, நான்கு எண்ணிக்கையில் இரண்டாவதிலும் நான்காவதிலும் தட்டுவதே அடிப்படை அமைப்பு.

உட்காரும் முறை

நாற்காலியின் உயரம் முழங்கால் செங்கோணத்தில் மடியும்படியோ அதைவிடச் சற்றே உயரமாகவோ இருக்கட்டும். பெட்டி ஒரு காலை உயர்த்துவதால், மற்றக் காலுக்கும் அதே உயரத்தில் ஒரு பலகை வையுங்கள். இல்லாவிட்டால் இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்து, ஒரு மணி நேரக் கச்சேரியில் முதுகு வலிக்கத் தொடங்கும். குதிகால் பெட்டியின் மேலேயே நிலையாக இருக்கவேண்டும். முன்பாதத்தை இரண்டு மூன்று செ.மீ. மட்டும் உயர்த்தி விடுவதே ஒரு தட்டு. முழுக் காலையும் தூக்கி மிதிப்பவர்களுக்கு ஒலியில் கிடைக்கும் லாபத்தைவிடக் களைப்புதான் அதிகம். ஒலியளவு ஆம்ப்ளிஃபயரின் பொறுப்பு. தொடக்கத்தில் முழங்காலுக்குக் கீழே, முன்னெலும்பை ஒட்டிய தசை விரைவில் சோர்வடையும். அது பயிற்சியில் சரியாகும். குத்தும் வலி ஏற்பட்டால் மட்டும் உடனே நிறுத்தி ஓய்வு கொடுக்கவேண்டும். நின்று பாடுபவர்கள் உடல் எடையை இடது காலில் வைக்கவேண்டியிருப்பதால், இரண்டு பாட்டுக்கு ஒருமுறை கால் தாளம் இல்லாத ஒரு பாட்டை இடையில் வைத்துக்கொள்வது நல்லது.

பயிற்சி வரிசை

கிதாரை எடுக்காமலே தொடங்குங்கள். சீரான தட்டொலி தரும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 70 தட்டுகளில் வைத்து, காலை அதோடு பொருத்தி, வாயால் ஒன்று முதல் நான்கு வரை எண்ணுங்கள். காலைப் பற்றிய நினைப்பே இல்லாமல் பேச முடிகிற வரை இதைச் செய்யவேண்டும். அடுத்த படியில், கால் தட்டிக்கொண்டிருக்கும்போதே நாளிதழின் ஒரு பத்தியை உரக்க வாசியுங்கள். பாடும்போது நிகழப்போவது இதுவேதான்: சொற்கள் ஒரு கணக்கில் போகும், கால் வேறு கணக்கில் போகும்.

பிறகு கிதார். ஒரே கார்டை, ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு கீழ்வீச்சாக வாசியுங்கள். அடுத்து, தட்டுக்கு ஒரு கீழ்வீச்சும் ஒரு மேல்வீச்சும். கால் பிசகாமல் நின்றால், மேல்வீச்சுகளுக்கு மட்டும் அழுத்தம் கொடுத்துப் பாருங்கள். கையின் அழுத்தத்தைக் கால் பின்பற்ற முயலும் இடம் இதுதான். ஏறக்குறைய எல்லோருக்கும் இங்கே கால் தடுமாறும். அப்போது வேகத்தை 50 க்குக் குறைத்து, கையை இரண்டு சுற்று முழுவதும் நிறுத்தி, கால் மட்டும் தொடர, மூன்றாம் சுற்றில் கையை மீண்டும் உள்ளே கொண்டுவாருங்கள். கை நின்றாலும் கால் நிற்காது என்ற பழக்கம் உடம்பில் ஏறிவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

தாளம் அறிந்தவர்களுக்கு ஒரு குறிப்பு. திஸ்ர நடைப் பாட்டுகளில் கால் ஒவ்வோர் அட்சரத்தின் தொடக்கத்தில் மட்டும் விழட்டும். அதற்குள் உள்ள மூன்று பகுதிகளையும் கை நிரப்பட்டும். மிஸ்ர சாபுவில் ஏழையும் தட்டாமல், மூன்று, இரண்டு, இரண்டு என்ற பிரிவின்படி ஒன்று, நான்கு, ஆறு ஆகிய இடங்களில் மட்டும் தட்டுங்கள். கண்ட சாபுவில் ஒன்றும் மூன்றும் போதும். ஆதி தாளத்தில் எட்டையும் தட்டுவதைவிட ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு என்று பாதியாகத் தட்டுவது பாட்டுக்கு மூச்சுவிட இடம் தரும்.

ஒவ்வொரு வாரமும் ஒரு முழுப் பாட்டைக் கைபேசியில் பதிவுசெய்து, மெட்ரோனோமோடு ஒப்பிட்டுக் கேளுங்கள். பல்லவியில் வேகம் ஏறுவதும் சரணத்தில் இறங்குவதும் வாசிக்கும்போது தெரியாது, பதிவில் உடனே தெரியும்.

பாட்டுக்குள்ளும் மேடையிலும்

பாட்டின் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை கால் தட்டிக்கொண்டே இருந்தால், மூன்றாவது நிமிடத்தில் அதை யாரும் கேட்பதில்லை. முதல் சரணத்தைக் கிதாரோடு மட்டும் பாடி, பல்லவி திரும்பும்போது தாழ்ந்த ஒலியைக் கொண்டுவாருங்கள். சலங்கையோ டாம்பரினோ இருந்தால் அது கடைசிப் பல்லவிக்குக் காத்திருக்கட்டும். கால் தாளம் நிற்கும் இடமும் தொடங்கும் இடமும் பாட்டின் வரிக்கு வரி முன்பே முடிவாகியிருக்கவேண்டும். பாடல் தாளில் அந்த இடங்களைப் பென்சிலால் குறித்து வைத்துக்கொள்வது நல்ல பழக்கம். மெதுவான, விருத்தம் போல் தாளம் கட்டாமல் பாடும் பகுதிகளில் காலைப் பெட்டியிலிருந்து முழுவதும் எடுத்துவிடுங்கள். உங்களை அறியாமல் ஒரு மெல்லிய தட்டு விழுந்தாலும் அந்த இடம் கலைந்துவிடும்.

மேடைக்குக் கொண்டுபோகவேண்டியவை: பெட்டி, ஆறு மீட்டர் கேபிள் இரண்டு, ஆக்டிவ் டி.ஐ. பாக்ஸ், அதற்கு ஒரு மாற்று ஒன்பது வோல்ட் மின்கலம், கேபிளைத் தரையில் ஒட்ட அகலமான துணி டேப், வழக்கமாகப் போடும் செருப்பு. கடைசியாகச் சொன்னது சிறிய விஷயம் அல்ல. ஒவ்வொரு செருப்பின் அடிப்பாகமும் பெட்டியில் வேறு ஒலி தருகிறது. எனவே எந்தச் செருப்போடு பழகினீர்களோ அதையே மேடையிலும் அணியவேண்டும். வெறுங்காலோடு பாடவேண்டிய மேடையானால், வெறுங்காலோடே சில வாரங்கள் பழகி, மேல்பலகையில் முன்பாதம் விழும் இடத்தில் ஒரு மெல்லிய தோல் துண்டை ஒட்டிக்கொள்ளுங்கள். ஒலிச் சோதனையின்போது முதலில் குரலையும் கிதாரையும் சரிசெய்துவிட்டு, கால் தாளத்தைக் கடைசியாக ஏற்றச் சொல்லுங்கள். நண்பர் ஒருவரை அரங்கின் பின்வரிசையில் நிறுத்தி, பாடல் வரிகள் தெளிவாகக் கேட்கின்றனவா என்று மட்டும் அவரிடம் கேளுங்கள். கேட்கவில்லை என்றால் குறைக்கவேண்டியது கால் தாளத்தைத்தான்.